மூன்று நாள் தாமதமாக வரும் பதில்

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரையை உடைப்பேன். 5 மி.கி. வார்ஃபரின், ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடாமல் இருக்க எடுக்கும் மருந்து. நடுவில் ஒரு கோடு இருக்கும். கோட்டின் இருபுறமும் கட்டைவிரல் நகங்களை வைத்து அழுத்தினால் சில வாரம் சரிபாதியாகப் பிளக்கும். சில வாரம் ஒரு பக்கம் கூடுதலாகப் போய், விரல் நுனியில் மாவு ஒட்டிக்கொள்ளும். ஒரு பாதியை அன்றே விழுங்கிவிடுவேன். மறுபாதி, மாத்திரைப் பெட்டியில் புதன்கிழமை என்று எழுதிய அறைக்குள் போகும். மற்ற ஐந்து நாட்களுக்கும் முழு மாத்திரை. ஆக, வாரத்துக்கு ஆறு மாத்திரை, 30 மி.கி. இந்தக் கணக்கு மாறாமல் நாலரை ஆண்டாக ஓடுகிறது. அதற்கு முந்தைய எட்டரை ஆண்டு இந்தக் கணக்கு ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். இதே மாத்திரையை இந்த மாதம் புதிதாக எடுக்கத் தொடங்கிய யாராவது இதைப் படித்தால், எனக்குப் புரிய ஆண்டுகள் பிடித்த ஒரு விஷயம் அவருக்குச் சீக்கிரம் புரியட்டும்.

எனக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. தொண்டை வலியில் தொடங்கிய காய்ச்சல் அது. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பல ஆண்டுகள் கழித்து, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான், அது இதயத்தின் மைட்ரல் வால்வைத் தடித்துச் சுருங்கவைத்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. பழைய வால்வை எடுத்துவிட்டு, கார்பனால் ஆன இரண்டு மெல்லிய இதழ்கள் கொண்ட செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். அது எளிதில் தேயாது. ஆனால் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். அதன்மேல் ரத்தம் உறைந்து படிந்தால் இதழ்கள் அசைய முடியாமல் சிக்கிக்கொள்ளும். படிந்ததில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் வால்வு இருக்கும்வரை மாத்திரையும் இருக்கும்.

இந்த மாத்திரையை எல்லோரும் ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை என்கிறார்கள். பல மருத்துவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பெயரின் மேல் வருத்தம் உண்டு. வார்ஃபரின் எடுப்பவரின் ரத்தம் மெலிவதில்லை, நீர்ப்பதில்லை. மற்றவர்களின் ரத்தத்தைப் போல அதே கனத்தில்தான் ஓடுகிறது. உறைவதற்கு மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. பெயரைக் கேட்டு, தண்ணீர் குடித்தால் ரத்தம் இன்னும் மெலியும் என்று பயந்து தாகத்தோடு இருந்த ஒருவரைப் பரிசோதனைக்கூட வரிசையில் பார்த்திருக்கிறேன். பெயர் தவறாக இருந்தால் பயமும் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது நாள் காலை, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.6 வந்தது. எனக்கு விதிக்கப்பட்ட எல்லை 2.5 முதல் 3.5 வரை. எல்லைக்குள் வந்துவிட்டதே, இனி ரத்தம் உறைவதைத் தடுக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து, அக்காவிடம் பையைக் கட்டச் சொல்லிவிட்டேன். காலைச் சுற்றுக்கு வந்த மருத்துவர் தாளைப் பார்த்தார், தலையாட்டினார். ஊசி தொடரட்டும் என்றார்.

“எண் வந்துவிட்டதே, டாக்டர்?” என்று அக்கா கேட்டாள்.

“எண் வந்துவிட்டது. மருந்து இன்னும் வந்து சேரவில்லை” என்றார்.

அந்த வாக்கியம் அன்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. இன்று யோசித்தால், இந்த மருந்தைப் பற்றி நான் தெரிந்துகொண்ட எல்லாமே அந்த வாக்கியத்தின் விளக்கம்தான்.

ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் நான்கை, அதாவது 2, 7, 9, 10 ஆகிய எண்களால் குறிக்கப்படும் உறைவுக் காரணிகளை, கல்லீரல் வைட்டமின் கே இல்லாமல் முழுமையாகச் செய்ய முடியாது. புரதத்தின் உடலை அது செய்துவிடும். ஆனால் அந்தப் புரதத்தின் ஒரு முனையில் இருக்கும் குளூட்டாமிக் அமிலங்கள் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியை ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டிய பிறகுதான் அந்த முனை கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். கால்சியத்தைப் பற்றினால்தான் காயம்பட்ட இடத்தில் ரத்தத் தட்டுகளின் மேல் போய் உட்காரும். ஒட்டுவேலை நடக்காத புரதம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் எங்கும் பற்றாது. இந்த ஒட்டுவேலையை 1974-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு 20 ஆண்டு முன்பே வார்ஃபரின் மனிதர்களுக்குப் பயன்பாட்டில் இருந்தது.

ஒவ்வொரு ஒட்டுவேலையிலும் வைட்டமின் கே மூலக்கூறு தானும் மாறிவிடுகிறது. மாறியதைப் பழைய வடிவத்துக்குத் திருப்ப ஒரு நொதி இருக்கிறது. உடலில் வைட்டமின் கே சேமிப்பு மிகக் குறைவு என்பதால், ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு வேலைக்கு வருகிறது. வார்ஃபரின் அந்தப் புதுப்பிக்கும் நொதியை முடக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அது வைட்டமினை அழிப்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உறைவுக் காரணிகளை அது தொடுவதும் இல்லை. ஒரு சோதனைக் குழாயில் ரத்தத்தை எடுத்து அதில் வார்ஃபரினைக் கலந்து வைத்தால், ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். ஹெப்பாரினைக் கலந்தால் உறையாது.

மாத்திரை இன்று விழுங்கப்படுகிறது, புதிய காரணிகள் சரியாகச் செய்யப்படுவது இன்று குறைகிறது, ஆனால் நேற்றுவரை செய்யப்பட்டவை தங்கள் ஆயுள் முடியும்வரை ரத்தத்தில் இருந்தே தீரும். ஆயுள் ஒவ்வொன்றுக்கும் வேறு. 7-ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 9-க்கு ஏறத்தாழ ஒரு நாள். 10-க்கு ஒன்றரை நாளுக்கு மேல். எல்லாவற்றிலும் முக்கியமான 2-ஆம் காரணி, புரோத்ராம்பின், பாதியாகக் குறையவே இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். ஐ.என்.ஆர். பரிசோதனையோ 7-ஆம் காரணி குறைந்தாலே ஏறத் தொடங்கிவிடும். நான்காம் நாள் என் தாளில் இருந்த 2.6-இல் பெரும்பங்கு அந்தக் குறைந்த ஆயுள்காரரின் மறைவுதான். புரோத்ராம்பின் இன்னும் கணிசமாக இருந்தது. போதாக்குறைக்கு, உறைதலைக் கட்டுப்படுத்தும் ‘புரதம் சி’ என்ற ஒன்றும் வைட்டமின் கே-யை நம்பித்தான் உருவாகிறது. அதன் ஆயுளும் குறைவு, அதுவும் முதல் நாட்களிலேயே விழுந்துவிடும். அதனால் வார்ஃபரின் தொடங்கிய முதல் சில நாட்களில், தனியாக விட்டால், ரத்தம் உறையும் பக்கமே சாய வாய்ப்பு உண்டு. காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஹெப்பாரினையும் வார்ஃபரினையும் குறைந்தது ஐந்து நாளாவது சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். மருத்துவர் என்னை மேலும் மூன்று நாள் ஊசியோடு வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

வீட்டுக்கு வரும்போது அக்கா ஒரு நோட்டு வாங்கி வந்தாள். பக்கத்தை நான்காகக் கோடு போட்டாள். தேதி, எண், மாத்திரை அளவு. நான்காவது கட்டத்துக்கு அவள் வைத்த தலைப்பு ‘என்ன நடந்தது’.

“எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த வருடம் பார்க்கும்போது ஒன்றும் விளங்காது. அந்த வாரம் காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா, எல்லாவற்றையும் எழுது” என்றாள்.

முதல் பக்கம் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. பிறகு நான் எழுதத் தொடங்கியதும் நான்காவது கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். அந்தக் காலிக் கட்டங்களை இன்று புரட்டிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. எண்கள் 2.1, 4.3, 1.9, 4.0 என்று ஏறி இறங்குகின்றன. ஏன் என்று சொல்ல அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். எண் 2.1 என்று வரும். பயந்துபோவேன். அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவமனையில் கேட்பேன், கூட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து மனம் பொறுக்காமல் மறுபடி ரத்தம் கொடுப்பேன். அதிகம் ஏறியிருக்காது. இன்னும் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்பேன். ஒரு வாரத்தில் 4-ஐத் தாண்டும். குறைப்போம். மறுபடி விழும். ஒரு கடிதம் எழுதிவிட்டு, பதில் வருவதற்குள் பொறுமையிழந்து இரண்டாவது கடிதமும் எழுதிவிட்டு, பிறகு வந்த பதில் எந்தக் கடிதத்துக்கு என்று தெரியாமல் மூன்றாவது கடிதம் எழுதுகிறவர் நிலைதான் எனக்கு. இன்று பார்க்கும் எண் இன்று விழுங்கிய மாத்திரைக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு முந்தைய மாத்திரைகளுக்குச் சொல்கிறது. அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வார்ஃபரினே உடலிலிருந்து பாதியாகக் குறைய 40 மணி நேரம்போல எடுக்கும், காரணிகளின் ஆயுள் அதற்கு மேல்.

இந்தத் தாமதத்தைப் பழகிய மருத்துவர்கள் நாளின் அளவைப் பேசுவதில்லை, வாரத்தின் அளவைப் பேசுகிறார்கள். எண் கொஞ்சம் தப்பினால் வாரத்தின் மொத்தத்தில் 5 முதல் 20 விழுக்காடு வரை மட்டும் மாற்றுவார்கள். அரைப் புள்ளிக்குள் தப்பியிருந்தால், அதுவும் ஒரே ஒரு முறை என்றால், எதையும் மாற்றாமல் ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். எதையும் மாற்றாமல் இருப்பதும் ஒரு சிகிச்சை முடிவு என்பதை நான் அப்போது ஏற்கவில்லை. என்னைக் கவனிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அதன் வரலாறும் தாமதத்தின் வரலாறாகவே இருந்தது.

1920-களில் வட அமெரிக்கப் புல்வெளிகளில் கால்நடைகள் காரணமின்றி ரத்தம் சிந்திச் செத்தன. கொம்பு சீவியதும், காயடித்ததும் போன்ற சிறு காயங்களில்கூட ரத்தம் நிற்கவில்லை. கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட், பூசணம் பிடித்த ‘ஸ்வீட் குளோவர்’ என்ற உலர்தீவனமே காரணம் என்று கண்டுபிடித்தார். நல்ல தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடக்கு டகோட்டாவில் லீ ரோடெரிக், அந்த மாடுகளின் ரத்தத்தில் புரோத்ராம்பின் குறைந்திருப்பதைக் காட்டினார். ஆனால் பூசணத்தில் இருக்கும் பொருள் எது என்பது யாருக்கும் தெரியவில்லை.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், விஸ்கான்சின் மாநிலத்தின் டீர் பார்க் பகுதியைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி ஏறத்தாழ 190 மைல் வண்டி ஓட்டி மேடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் செத்த கிடாரி ஒன்று, பால் கேனில் உறையாத ரத்தம், கூடவே 100 பவுண்டு அளவுக்குக் கெட்டுப்போன தீவனம். அன்று சனிக்கிழமை, கால்நடை மருத்துவரின் அலுவலகம் மூடியிருந்தது. திறந்திருந்த உயிர்வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். அங்கே இருந்தவர் கார்ல் பால் லிங்க். அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள் என்பதைத் தவிர அந்த விவசாயியிடம் சொல்ல அவரிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பனியில் அத்தனை தூரம் வெறுங்கையோடு திரும்பிப் போன அந்த மனிதரைப் பற்றி நான் பலமுறை நினைத்திருக்கிறேன். பால் கேனில் இருந்த அவருடைய மாட்டு ரத்தத்தின் நீட்சிதான் என் மாத்திரைப் பெட்டி. பொருளைப் படிகமாகப் பிரித்தெடுக்க லிங்கின் குழுவுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1939-இல் ஹெரால்ட் கேம்பெல் பிரித்தெடுத்தது 6 மில்லிகிராம். புத்தம்புதுப் புல்லுக்கு இனிய வாசனை தரும் கூமரின் என்ற பொருளைப் பூசணங்கள் மாற்றி உண்டாக்கிய டைகூமரால் அது.

லிங்க் 1945-இல் காசநோயால் படுத்தார். ஓய்விடத்தில் கிடந்தபோது எலி ஒழிப்பைப் பற்றிப் படித்து, தன் ஆய்வகம் செய்து வைத்திருந்த கூமரின் வகைப் பொருட்களில் வீரியமான ஒன்றை எலி மருந்தாக்கலாம் என்று யோசித்தார். பட்டியலில் 42-ஆவதாக இருந்த அந்தப் பொருள் 1948-இல் சந்தைக்கு வந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளோடு கூமரினின் வாலைச் சேர்த்தால் வார்ஃபரின். எலி மருந்து என்பதால் மனிதர்களுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். 1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் உயிரை விட எண்ணி அந்த எலி மருந்தைப் பல நாள் சாப்பிட்டார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துவிட்டார். மாற்றுமருந்து உறுதியாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு தயக்கம் குறைந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் இதுவே கொடுக்கப்பட்டது.

எலி மருந்தைச் சாப்பிடுகிறாயா என்று உறவினர் ஒருவர் என்னிடம் அருவருப்போடு கேட்டிருக்கிறார். ஆமாம் என்றேன். எலிக்குக் கொல்லும் அளவு, எனக்கு அளந்த அளவு. அந்த அளப்புதான் மருத்துவம் என்று அவருக்கு விளக்க முயன்றேன்.

அளப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகழ் கிடைக்காத வேலை அது. புரோத்ராம்பின் நேரத்தை அளக்கும் முறையை ஆர்மண்ட் குவிக் 1935-இல் தந்தார். ரத்தத்தின் பிளாஸ்மாவோடு திசுச் சாறும் கால்சியமும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பது. ஆனால் அந்தச் சாறு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதம். ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் நொடிக் கணக்கு இரண்டாக வரும். ஒரு நாட்டில் நோயாளிகளுக்குக் கொடுத்த அளவு இன்னொரு நாட்டில் கொடுத்ததைவிட அதிகமாக இருந்ததற்கு, சாற்றின் வேறுபாடும் ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 1983-இல் ஐ.என்.ஆர். முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சாற்றுக்கும் ஒரு திருத்த எண் கொடுத்து, எல்லோர் முடிவையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து எடுக்காதவருக்கு எண் 1-ஐ ஒட்டி இருக்கும். இன்று எந்த ஊரில் ரத்தம் கொடுத்தாலும் என் 2.8 அங்கேயும் 2.8-ஐ ஒட்டியே வரும் என்று நம்பிப் பயணம் போகிறேன் என்றால், அந்தத் திருத்த எண்களை உட்கார்ந்து கணக்கிட்டவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒருவருக்குத் தேவையான அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒருவருக்கு நாளுக்கு 2 மி.கி. போதும், வேறொருவருக்கு 10 மி.கி. வேண்டும். வார்ஃபரினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியும், வார்ஃபரின் முடக்கும் நொதியும் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. 1958-இலேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகளைக் கண்டார்கள். முடக்கப்படும் நொதியின் மரபணு 2004-இல்தான் அடையாளம் காணப்பட்டது. எலிகளின் எதிர்ப்புக்கும், சில மனிதர்களுக்கு அதிக அளவு தேவைப்படுவதற்கும் அதே மரபணுவில்தான் காரணம் இருந்தது. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரரின் அளவைக் கேட்டு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

கீரை விஷயத்தில் நான் செய்த தவறு அறியாமையால் வந்தது. பச்சை இலைகளில் வைட்டமின் கே அதிகம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, இரண்டு ஆண்டுகள் கீரையின் பக்கமே போகவில்லை. எண் இன்னும் மோசமாக ஆடியது. உடலில் வைட்டமின் கே வரவு மிகவும் குறைந்திருந்தால், எப்போதாவது கொஞ்சம் உள்ளே போனாலும் எண் சட்டென்று விழும். பழகிய அளவில் தொடர்ந்து சாப்பிட்டுவந்தால், மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். “உங்கள் சாப்பாட்டுக்குத்தான் நாங்கள் மாத்திரையைப் பொருத்துவோம். மாத்திரைக்காகச் சாப்பாட்டைப் பட்டினி போடாதீர்கள்” என்று ஒரு செவிலியர் சொன்ன பிறகுதான் கீரை என் தட்டுக்குத் திரும்பியது. வாரத்தில் மூன்று நாள், ஏறத்தாழ ஒரே அளவு. சில மாதங்களில் எண்ணின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

ஆறாம் ஆண்டில் ஒரு பல் ஈறு வீங்கியது. பார்த்த மருத்துவரிடம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன் என்று சொன்னேன். பல்லைப் பிடுங்கவில்லையே, பயமில்லை என்றார். ஐந்து நாளைக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடையிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீக்கம் இரண்டே நாளில் வடிந்தது. ஐந்தாம் நாள் காலை பல் துலக்கியபோது வாய் கொப்பளித்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறுதானே என்று விட்டுவிட்டேன். மாலையில் உடை மாற்றும்போது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவில்லை. விரலால் தொட்டேன், வலிக்கவும் இல்லை. வலிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். “இப்போதே கிளம்பு, நான் நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுகிறேன்” என்றாள். எண் 7.4.

மெட்ரோனிடசோல், வார்ஃபரினின் வீரியமான பாதியைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது. மாத்திரை அதே அளவுதான், ஆனால் உள்ளே போனது வெளியேறாமல் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போனது. கோ-ட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் ஆகியவையும் எண்ணை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமசெபினும் இறக்கும். வலிக்குத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபன் போன்றவை எண்ணைப் பெரிதாக மாற்றாமலே வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

அன்று இரவு எனக்குப் பெரிய அளவில் வைட்டமின் கே கொடுத்து ஒரேயடியாகச் சரிசெய்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாத்திரையை நிறுத்தினார்கள், மிகச் சிறிய அளவு வைட்டமின் கே-யை வாய்வழியாகக் கொடுத்தார்கள், மறுநாள் காலை மறுபடி பார்த்தார்கள். ரத்தம் கொட்டும் அவசரம் என்றால் வழி வேறு. உறைவுக் காரணிகளையே நேராக ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். என்னைப் போன்ற நிலையில் அதிகமாக வைட்டமின் கே கொடுத்தால், எண் 1-க்கு விழுவது மட்டுமில்லை, அதன் பிறகு பல நாட்கள் வார்ஃபரின் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. செயற்கை வால்வுக்கு அந்த நாட்கள் ஆபத்தானவை. மூன்றாம் நாள் எண் 3.4. அக்கா நோட்டைக் கேட்டாள், கொடுத்தேன். நான்காவது கட்டம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். திட்டவில்லை. பேனாவை எடுத்து மாத்திரையின் பெயரையும் ஐந்து நாள் என்பதையும் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு நோட்டை என் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கட்டமும் காலியாக இல்லை. புதிதாக எந்த மாத்திரை வந்தாலும், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் நானே போய் ரத்தம் கொடுக்கிறேன்.

பெண்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடக்கும். கருவின் 6 முதல் 12-ஆம் வாரம் வரை எலும்பும் குருத்தெலும்பும் உருவாவதைக் கெடுக்கலாம். ஆகவே கருத்தரிக்க நினைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, வால்வு உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. தாய்ப்பாலில் வார்ஃபரின் மிக அரிதாகவே கலக்கிறது, பாலூட்டத் தடையில்லை.

புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவை உறைவுக் காரணி ஒன்றை நேராகத் தடுப்பவை. சில மணி நேரத்தில் வேலை செய்யும், வழக்கமான ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்புக்கும், காலில் வரும் ரத்தக்கட்டிக்கும் இன்று பெரும்பாலானோருக்கு அவையே முதல் தேர்வு. அது நியாயமானது. அவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வார்ஃபரினில் வருவதைவிடக் குறைவு. ஆனால் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. ரத்தக்கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். ருமாட்டிக் நோயால் வால்வு கெட்டு, துடிப்பும் சீரற்றுப்போனவர்களிடம் ரிவரோக்சபானை ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. அதிலும் பழைய மருந்தே உயிரைக் கூடுதலாகக் காத்தது. எனக்கு இதுதான் மருந்து. வேறு வழியில்லாமல் சகித்துக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் எடுக்கும் மருந்து எனக்குள் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஓர் எண்ணாகக் கண்ணால் பார்க்க முடிகிறது. தவறினால் தெரிந்துகொள்ளவும், திருத்தவும் முடிகிறது. இந்த வசதி மிகச் சில மருந்துகளுக்கே உண்டு.

போன செவ்வாய்க்கிழமை எண் 2.3. எல்லைக்குக் கீழே 0.2 புள்ளி. பரிசோதனைக்கூட வாசலிலேயே நின்று நோட்டைப் பிரித்தேன். காய்ச்சல் இல்லை, புதிய மாத்திரை இல்லை, கீரை வழக்கம்போல, விட்டுப்போன மாத்திரையும் இல்லை, பெட்டியின் அறைகள் சரியாகக் காலியாகியிருந்தன. மருத்துவரிடம் தொலைபேசியில் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“எதையும் மாற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன், டாக்டர்.”

“சரி. இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். நடுவில் பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, மூச்சுத் திணறல் என்று ஏதாவது இருந்தால் உடனே வந்துவிடுங்கள்.”

நான்காவது கட்டத்தில் ‘காரணம் தெரியவில்லை, அளவு மாற்றவில்லை’ என்று எழுதி, கீழே அடுத்த தேதியைக் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு வழக்கம்போல ஒரு மாத்திரையை உடைத்து, ஒரு பாதியை விழுங்கிவிட்டு, மறுபாதியைப் புதன்கிழமை அறைக்குள் போட்டேன்.